ஒரு விளக்குக் கம்பம், மூன்று நகரங்கள்

போன பகுதி சபைக் கூட்டத்தில் ஒரு விளக்குக் கம்பத்தின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். உச்சியில் எல்இடி விளக்கு. அதற்குக் கீழே இரண்டு கேமரா, காற்றின் தரத்தை அளக்கிற சின்னப் பெட்டி, வைஃபை, அறிவிப்பும் விளம்பரமும் ஓடுகிற ஒரு திரை, ஆபத்து என்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். “ஸ்மார்ட் கம்பம். நம்ம வார்டுக்கு நாற்பது வருது. வேணுமா, வேணாமா? கையத் தூக்குங்க” என்றார் கவுன்சிலர். எல்லோரும் தூக்கினோம், நானும்தான். இருட்டிக் கிடக்கிற தெருவுக்கு விளக்கு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்கா மட்டும் கையைத் தூக்கவில்லை. “கேமராவ யாருங்க பாப்பாங்க?” என்று கேட்டார். “கன்ட்ரோல் ரூம்ல பாப்பாங்கம்மா” என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது வேறு என்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேமரா சங்கிலி பறிக்கிறவனைப் பார்க்குமா, நடைபாதையை அரை அடி தாண்டி நிற்கும் தன் வண்டியைப் பார்க்குமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு வாரம் இதே யோசனை. கம்பம் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒதுக்கிவிட்டு, கம்பத்தை யார் நடுவது என்று பார்த்தால் நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனியிடம் கொடுத்துவிடலாம். அரசாங்கமே நடலாம். இல்லை, தெருக்காரர்களையும் உட்காரவைத்து நடலாம். மூன்றையும் மூன்று நகரங்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. முதல் வழியில் கனடாவின் டொராண்டோ போனது, இரண்டாவதில் சிங்கப்பூர், மூன்றாவதில் ஸ்பெயினின் பார்சலோனா.

மூன்றையும் நிறுக்க ஒரு படிக்கல் வேண்டுமே. மின்சாரம் எவ்வளவு மிச்சம், போக்குவரத்து எவ்வளவு சீர் என்று நிறுத்தால் மூன்றுமே ஏறக்குறைய ஒரே எடை காட்டும். நான் எடுத்துக்கொண்ட படிக்கல் இது: கம்பத்தை நட்ட பிறகு, “இதை எடுங்கள்” என்று சொல்ல அதன் கீழே நிற்கிறவருக்கு வழி இருக்கிறதா? சொன்னால் நடக்குமா? பேட்யா ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990களிலிருந்தே ஒன்றைச் சொல்லி வருகிறார். ஒரு கருவியை வடிவமைக்கும்போது அதைக் கையாளப்போகிறவர்களை மட்டும் எண்ணினால் போதாது, அதைத் தொடாமலே அதன் பலனையோ அடியையோ வாங்கப்போகிறவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்கிறார். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் முதல் வகை. இட்லிக்கடை அக்கா இரண்டாவது வகை. மனித மதிப்புகளை வைத்து நகரம் அமைப்பது என்று பெரிய வார்த்தையில் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த இரண்டாவது வகை ஆட்களிடம்தான் வந்து நிற்கிறது.

சரி, டொராண்டோவுக்குப் போவோம்.

ஒன்டாரியோ ஏரிக்கரையில் பழைய துறைமுகப் பகுதி ஒன்று சும்மா கிடந்தது. பெயர் கீசைட், பரப்பு 12 ஏக்கர். மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் ‘வாட்டர்ஃப்ரண்ட் டொராண்டோ’ என்ற அமைப்பு, 2017 மார்ச்சில் அந்த இடத்தை அமைக்க ஆள் கேட்டது. அக்டோபரில் ‘சைட்வாக் லேப்ஸ்’ தேர்வானது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் கம்பெனி அது. திட்டம் போடுவதற்கு மட்டுமே 5 கோடி அமெரிக்க டாலர் செலவழிக்க முன்வந்தது.

அவர்கள் காட்டிய படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பனி உறையாமல் சூடாகும் நடைபாதைக் கற்கள். கான்கிரீட்டுக்குப் பதில் மரத்தாலான அடுக்குமாடிகள். நிலத்தடிச் சுரங்கத்தில் ஓடும் குப்பை. காலையில் பேருந்து நிற்கவும் மதியம் சரக்கு இறக்கவும் இரவில் நாற்காலி போட்டு உட்காரவும் மாறிக்கொள்ளும் சாலையோரம். பாதி எனக்கே பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. இத்தனையும் நடக்க வேண்டுமென்றால் தெருவில் யார் எங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று சென்சார்கள் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ஆன் கவூகியன் என்பவர் ஒன்டாரியோ மாகாணத்தின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அந்தரங்கத்தை வடிவமைப்பிலேயே வைத்துக் கட்ட வேண்டும் என்ற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியவரும் அவர்தான். அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டது கம்பெனி. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை எடுத்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். அதாவது கேமரா தன் முன்னால் போன முருகனை ‘நடந்துபோன ஒரு ஆள்’ என்று எண்ணிக்கொண்டு, முகத்தை அங்கேயே தூக்கிப்போட வேண்டும். முகத்தைக் கொண்டுபோய்ச் சர்வரில் வைத்துவிட்டு அப்புறம் அழிக்கிறேன் என்று சொன்னால் ஆகாது. கம்பெனி தன் அளவில் ஒப்புக்கொண்டது. ஆனால் பின்னால் அந்தப் பேட்டைக்குள் வரப்போகும் மற்ற கம்பெனிகளை இப்படிச் செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2018 அக்டோபரில் கவூகியன் விலகினார்.

நல்ல கம்பெனியா கெட்ட கம்பெனியா என்ற பேச்சே இங்கே தேவையில்லை. வீட்டுச் சாவியை நல்லவரிடம் கொடுக்கிறோம். அவர் அதை யாரிடமெல்லாம் கொடுக்கலாம் என்று எழுதிவைக்காமல் கொடுக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

2019 ஜூனில் முழுத் திட்டம் வெளியானது. 1,500 பக்கத்துக்கு மேல். 12 ஏக்கருக்குத் திட்டம் கேட்டால் 190 ஏக்கருக்கு வரைந்துகொண்டு வந்திருந்தார்கள். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பது என்று நம்மூரில் சொல்வோம், இவர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையையும் சேர்த்துக் கேட்டார்கள். சேரும் விவரங்களை நிர்வகிக்கத் தனி அறக்கட்டளை ஒன்று வைக்கலாம் என்றும் கம்பெனியே யோசனை சொன்னது. ஆடுகிறவரே விதிப்புத்தகம் எழுதினால் ஆட்டம் எப்படி இருக்கும்? ஊர்க்காரர்கள் இதற்கு முன்பே எதிர்ப்பு இயக்கம் தொடங்கியிருந்தார்கள். கனடாவின் குடிமை உரிமைகள் சங்கமும் ஏப்ரலிலேயே வழக்குப் போட்டிருந்தது. அக்டோபர் 31 அன்று மறுபடி 12 ஏக்கருக்குச் சுருக்கி, அறக்கட்டளை யோசனையையும் கைவிடவைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2020 மே 7 அன்று, கொரோனா காலத்துப் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணம் சொல்லி, கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. 2022இல் அதே இடத்துக்கு வந்த புதிய திட்டத்தில் கட்டுப்படியாகும் வாடகை வீடுகளும் இரண்டு ஏக்கர் மரத்தோப்பும் முன்னால் வந்து நின்றன.

பலர் இதை மக்கள் வென்ற கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. கம்பம் நடப்படவே இல்லை, அதனால்தான் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது. நட்ட பிறகாக இருந்தால்? அதுவும் இரண்டரை வருஷம், வக்கீல்கள், பத்திரிகைகள், ஓய்வுபெற்ற ஆணையர், 1,500 பக்கத்தைப் படிக்க நேரம் உள்ள படித்த கூட்டம், இத்தனையும் சேர்ந்துதான் அந்த ‘வேண்டாம்’ உருவானது. எங்கள் வார்டில் ஒப்பந்தப் புள்ளியின் நான்காம் பக்கத்தைத் தாண்டியவர் எத்தனை பேர் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. போகிற நாளைக்கூடக் கம்பெனிதான் முடிவு செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்டுவிட்டுப் போயிருந்தால் கம்பத்துக்கு பல்பு மாற்றுவது யார்?

சிங்கப்பூர் கதை வேறு மாதிரி. நம்மில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ மாமா பையனோ இருப்பார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் “அங்கெல்லாம் எப்படித் தெரியுமா” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. கூட்டம் சேரும் நகர மையத்துக்குள் கார் கொண்டுவரக் காசு கட்ட வேண்டும் என்று 1975லேயே விதி போட்ட ஊர் அது. 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். எந்தச் சாலை, எந்த நேரம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும், இறங்கும். சாலை எல்லோருக்கும் பொது, அதை அதிகம் அடைத்துக்கொள்கிறவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது ஒரு மதிப்பு. அதைக் கருவிக்குள் வைத்து, அரை நூற்றாண்டாக விடாமல் நடத்துகிறார்கள். இந்தத் திராணியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2014 நவம்பரில் அன்றைய பிரதமர் லீ சியென் லூங் ‘ஸ்மார்ட் நேஷன்’ திட்டத்தைத் தொடங்கினார். அதன் கீழ் யூஹுவா குடியிருப்பில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டில் சென்சார் வைத்துப் பார்த்தார்கள். பாட்டி வழக்கமாக எழுந்து நடமாடும் நேரத்தில் அசைவே இல்லை என்றால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும். கண்காணிப்பு என்றாலே கெட்டது என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். கேமரா இல்லை, அசைவு மட்டும், தகவல் போவது சொந்தப் பிள்ளைக்கு, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இப்படி இருந்தால் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் நாலு பாட்டிகளுக்கும் நானே முன்நின்று வாங்கி மாட்டுவேன்.

ஆனால் அதே சிங்கப்பூரில்தான் டிரேஸ்டுகெதர் விவகாரமும் நடந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 20 அன்று அந்தச் செயலி வந்தது. ப்ளூடூத் வழியாக, யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும். யாருக்காவது கொரோனா என்றால் பக்கத்தில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். போன் இல்லாதவர்களுக்குக் கையடக்கமான ஒரு சின்னக் கருவியும் கொடுத்தார்கள். இந்த விவரம் தொற்றுத் தொடர்பைத் தேட மட்டுமே பயன்படும் என்று ஜூன் மாதம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொன்னார். மக்கள் நம்பினார்கள், பெரும்பாலோர் வைத்துக்கொண்டார்கள். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறை அந்த விவரத்தைக் கேட்டு வாங்கலாம் என்று துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் சொன்னார். ஒரு கொலை வழக்கில் அப்படிச் செய்ததும் வெளியே வந்தது. மறுநாள் பாலகிருஷ்ணன், முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே இந்த விவரத்தைப் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டினார்கள்.

இதில் வில்லன் யாரும் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. அமைச்சர் ஏமாற்றவில்லை. காவல்துறை சட்டத்தை மீறவில்லை. கொலையாளியைத் தேடுவதில் என்ன தப்பு? ஒரு வேலைக்கென்று சேர்த்த விவரம், ஏற்கெனவே அலமாரியில் இருந்த பழைய சட்டம் ஒன்றின் வழியாக வேறு வேலைக்குப் போய்விட்டது. வாக்குறுதி வாயில் இருந்தது, சட்டம் காகிதத்தில் இருந்தது, காகிதம் ஜெயித்தது. இது சிங்கப்பூரிலேயே நடந்தால் மற்ற ஊர்களில் என்னென்ன பழைய சட்டங்கள் அலமாரியில் காத்திருக்கின்றனவோ. போதாததற்கு, அங்கே 2012இல் வந்த தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். அரசுத் துறைகளுக்கு வேறு விதிகள்.

இட்லிக்கடை அக்காவுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது ஒன்றும் அங்கே நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் தோ பாயோ வட்டாரத்தில் ‘சேவியர்’ என்ற ரோபோவைத் தெருவில் சுற்றவிட்டுச் சோதித்தார்கள். கூடாத இடத்தில் புகைப்பது, சைக்கிளைத் தப்பாக நிறுத்துவது, ஐந்து பேருக்கு மேல் கூடுவது, அப்புறம் அனுமதியில்லாமல் தெருவில் விற்பது, இதெல்லாம் அதன் கண்ணில் பட்டால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். “அவ்ளோதானே, சட்டம்தானே” என்று சிலர் சொல்லலாம். அதே காலத்தில் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர், வெளியே நடமாடும் கட்டுப்பாடு மற்றவர்களைவிட வெகுநாள் நீடித்தது என்பதையும் மறக்க வேண்டாம். கருவி எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். பார்த்த பிறகு என்ன நடக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

என் படிக்கல்லில் வைத்தால்: அங்கே கம்பம் உறுதியாக நிற்கும், பல்பு எரியும், பழுதானால் சீக்கிரம் ஆள் வருவார். ‘எடுங்கள்’ என்று சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். எடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

பார்சலோனா முதலில் மற்ற ஊர்களைப் போலத்தான் போனது. சென்சார் வைத்த குப்பைத்தொட்டி, சென்சார் வைத்த பார்க்கிங், 2011 முதல் ஆண்டுதோறும் உலக ஸ்மார்ட் நகரக் கண்காட்சி. 2015இல் அடா கொலாவ் மேயரானார். வங்கிக்கடன் கட்ட முடியாமல் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்காகப் போராடி வந்தவர். அவருடைய நிர்வாகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பை எடுத்த பிரான்செஸ்கா பிரியா, எல்லோரும் சென்சாரிலிருந்து தொடங்குகிறார்கள், நாம் மக்களின் தேவையிலிருந்து தொடங்குவோம் என்றார். இதை எந்த ஊர் அதிகாரியும் மேடையில் சொல்வார். ஆனால் அவர்கள் அதை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வோடஃபோன் மாதிரி நகருக்குச் சேவை தரும் கம்பெனிகள், அந்த வேலையில் சேரும் விவரங்களைக் கணினி படிக்கும் வடிவில் நகராட்சிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். குழாய் கம்பெனியுடையது, தண்ணீர் ஊருடையது என்ற மாதிரி.

2016 பிப்ரவரியில் ‘டெசிடிம்’ தளம் வந்தது. கத்தலான் மொழியில் ‘நாம் முடிவு செய்கிறோம்’ என்று பொருள். நகரின் செயல்திட்டத்துக்கு அதன் வழியாகவும் நேர்க்கூட்டங்கள் வழியாகவும் சுமார் 40,000 பேர் பங்கெடுத்து, 10,000க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. அதன் மென்பொருள் எல்லோருக்கும் திறந்துவைக்கப்பட்டது. எந்த ஊரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கிராசியா பகுதியில் இருக்கும் சோல் சதுக்கத்தின் கதை. இரவெல்லாம் இளைஞர் கூட்டம், குடி, பாட்டு. சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் இல்லை. 2017 வாக்கில் அவர்களே சின்னச் சின்ன சென்சார்களைத் தங்கள் பால்கனியில் மாட்டினார்கள். பேச்சைப் பதிவு செய்யாது, சத்தம் எத்தனை டெசிபெல் என்று மட்டும் குறிக்கும். இரவுச் சத்தம் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைத் தாண்டுகிறது என்று எண்களோடு நகராட்சியிடம் போய் உட்கார்ந்து பேசி, சதுக்கத்தில் மாற்றங்கள் செய்யவைத்தார்கள். எங்கள் கம்பத்தில் வரப்போவதும் அதே மாதிரி ஒரு பெட்டிதான். அங்கே தெருக்காரர் அதை வைத்து அரசைக் கேள்வி கேட்டார், இங்கே எப்படியோ தெரியவில்லை. ஆனால் அங்கேயும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இளைஞர்களுக்கும் உட்கார ஓர் இடம் வேண்டும், தாத்தாவுக்கும் தூக்கம் வேண்டும். இரண்டும் நியாயம். டெசிபெல் எண் அதைத் தீர்த்துவைக்காது, பேச்சைத் தொடங்கிவைக்கும்.

இன்னொன்று. பார்க் குயெல் பூங்காவைத் தாண்டிப் போகும் 116ஆம் எண் சின்னப் பேருந்து. கூகுள் மேப்பைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் ஏறி ஏறி, காய்கறி வாங்கிவந்த உள்ளூர்ப் பாட்டிகளுக்கு நிற்கவும் இடமில்லாமல் போனது. 2024இல் நகராட்சி சொல்லி அந்தப் பேருந்து மேப்பிலிருந்து நீக்கப்பட்டது. பாட்டிகளுக்கு மறுபடி இருக்கை கிடைத்தது. ஒரு ஸ்மார்ட் நகரம் செய்த மிகச் சாமர்த்தியமான காரியம், தகவலை எடுத்துவிட்டது!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தளத்தில் யோசனை எழுத நேரம் வேண்டும், பழக்கம் வேண்டும். இரண்டு ஷிப்டு வேலை செய்கிறவர் எழுத மாட்டார். மேயர் மாறினால் ஆர்வமும் மாறும். 2023 தேர்தலோடு கொலாவின் காலம் முடிந்தது, பிரியா அதற்கு முன்பே போய்விட்டார். ஆள் போனாலும் நிற்பது ஒப்பந்த வரியும் திறந்த மென்பொருளும்தான். இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பார்சலோனாவின் நடைபாதைகளில் துணி விரித்துப் பை, செருப்பு விற்கும் செனகல் நாட்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். ‘நாம் முடிவு செய்கிறோம்’ என்று சொன்ன அதே நிர்வாகத்தின் காலத்திலும் நகரக் காவலர்கள் அவர்களை விரட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2015இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்க வேண்டி வந்தது. ஆக, மூன்று நகரங்களில் எதுவும் அக்காவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2015 ஜூன் 25 அன்று இந்தியாவில் ஸ்மார்ட் சிட்டி திட்டம் தொடங்கியது. 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. நாம் எடுத்தது மூன்றும் கலந்த ஒரு வழி. ஒவ்வொரு நகருக்கும் மாநில அரசும் உள்ளாட்சியும் சரிபாதிப் பங்கு போட்டு, கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒரு கம்பெனி. அரசாங்கத்தின் கம்பெனி! வேகமாக வேலை நடக்கும் என்பது காரணம். சில வேலைகள் நன்றாகவே நடந்தன. 2019இல் சென்னை பாண்டி பஜாரில் திறந்த அகலமான நடைபாதையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையமும் வந்துவிட்டது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சென்னையும் கோவையும் முதல் பட்டியலில் வந்தது 2016 ஜனவரியில். தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது 2016 அக்டோபரில். அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நகரத்தை எப்படி மாற்றுவது என்று முடிவெடுத்த அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலான காலத்தில், மன்றத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல நினைத்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

கவுன்சிலர் இருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. சண்டிகர், நாக்பூர் போன்ற ஊர்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். நாள் முழுக்க எங்கே நிற்கிறார், எங்கே உட்கார்கிறார் என்று அறையில் ஒருவர் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சண்டிகரில் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். கடிகாரம் கட்டப்படுவது பெரும்பாலும் துடைப்பம் பிடித்த கையில்தான். ஒப்பந்தக்காரர் கையிலோ பொறியாளர் கையிலோ இது கட்டப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நாற்பது கம்பத்துக்கு என் முடிவு என்ன? மொத்தமாக ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். கம்பத்தைக் கழற்றித் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். விளக்கு, நாளைக்கே போடட்டும். காற்றை அளக்கும் பெட்டி, போடட்டும். ஆனால் அது காட்டும் எண் கம்பத்துத் திரையிலேயே ஓட வேண்டும், விளம்பரத்துக்கு முன்னால். சிவப்புப் பொத்தான், அழுத்தினால் எத்தனை நிமிஷத்தில் யார் வருவார் என்று எழுதித் தந்தால் மட்டும். ஆள் வராத பொத்தான் இருப்பதைவிட இல்லாததே மேல். வைஃபைக்கு நம் போன் எண்ணைக் கேட்பார்கள் என்றால் எனக்கு வேண்டாம்.

கேமராவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பார்சலோனாவிடமிருந்து ஒப்பந்த வரியை எடுத்துக்கொள்வேன்: விவரம் நகராட்சியுடையது, கம்பெனி பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது. டொராண்டோவில் கவூகியன் கேட்டதை அப்படியே எடுத்துக்கொள்வேன்: எண்ணுவதற்கென்று வைக்கும் கேமரா எண்ணிவிட்டு முகத்தை அங்கேயே அழிக்க வேண்டும், முகமறிதல் கூடவே கூடாது. சிங்கப்பூரிடமிருந்து இரண்டு. ஒன்று, பழுது பார்க்கும் ஒழுங்கு. இன்னொன்று, அவர்கள் பட்ட பாடு: எந்தெந்தக் குற்றத்துக்கு இந்தப் படத்தைக் கேட்கலாம் என்பதை முதல் கம்பம் நடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அந்தப் பட்டியலில் நடைபாதைக் கடை வரக் கூடாது.

கடைசி வரிக்கு நமக்கு ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடைகள் இருக்கும் தெருவில் கேமரா எங்கே வரும், எதைப் பார்க்கும் என்பதை அந்தக் குழுவிடம் காட்டிவிட்டு நடட்டும். டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் பார்சலோனாவிலும் அக்காவுக்குக் கிடைக்காத நாற்காலி இங்கே சட்டத்தில் போட்டுவைத்திருக்கிறது. தூசு தட்டி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் ஊர் சின்னப் பேரூராட்சி, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை, கன்ட்ரோல் ரூமுக்கு நிரந்தர ஊழியர் இல்லை என்றால் பார்சலோனா, சிங்கப்பூர் என்று கனவு காண வேண்டாம். நல்ல எல்இடி விளக்கை மட்டும் வாங்குங்கள், மிச்சப் பணத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கழிப்பறை கட்டுங்கள். என்னைக் கேட்டால் அதுவே ஸ்மார்ட்.

இன்னொரு நிபந்தனையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேமராவுக்கு ஒரு வருஷம்தான் அனுமதி. வருஷம் முடிந்ததும் மறுபடி பகுதி சபையில் வைத்துக் கை தூக்கச் சொல்ல வேண்டும், கை குறைந்தால் கழற்ற வேண்டும். கவுன்சிலர் சிரித்துக்கொண்டே வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூடவே, அடுத்த கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைக்காமல் மாலை நாலு மணிக்கு வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். போன தடவை அக்கா வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். நாலு மணிக்கென்றால் மாவு அரைத்து முடித்திருப்பார்.